பார்க்க வருகிறவர்கள் நிறைய, பார்த்துக்கொள்ள ஒருத்தி

கேள்வி: நான் திண்டுக்கல்லில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வயது 46. என் மாமியாருக்கு 76, சர்க்கரை உண்டு. ஐந்து வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பாதி மூட்டை மாற்றி ஆபரேஷன் செய்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு, இறந்துபோன மாமாவைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நாலைந்து நாளில் தெளிந்துவிட்டார். ஆனாலும் "மூளை கலங்கிப்போச்சு" என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாக்கரைத் தொடவே மாட்டேன் என்கிறார். கஞ்சியும் ரசம் சாதமும்தான் சாப்பாடு. சாயங்காலமானால் "நான் எதுக்கு இருக்கேன், போய்ச் சேர்ந்தா தேவல" என்று அழுகிறார். கணவருக்கு ஹார்டுவேர் கடை. காலை எட்டரைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வருவார். கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறார். நாத்தனார் மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து, "அம்மா இளைச்சுட்டாங்க, முதுகு செவந்து கிடக்கு" என்று குறை சொல்லிவிட்டுப் போகிறார். வீட்டுக்கு ஆள் வராத நாள் இல்லை. பார்க்க வருகிறவர்கள் நிறைய, பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். எனக்கு முதுகுவலி, தூக்கமில்லை. போன வாரம் அவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவர் பயந்து பார்த்த பார்வை மனதை விட்டுப் போகவில்லை. இந்த மாதக் கடைசியில் லீவு முடிகிறது. வேலையை விட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். அத்தை ஓரளவு நடமாட இன்னும் சில மாதங்கள் ஆகலாம். உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் 14 வருஷம் இருக்கிறது. அது மட்டுமில்லை. நீங்கள் வேலையை விட்டால் வீட்டில் இப்போது இருக்கிற ஏற்பாடு அப்படியே உறைந்துவிடும். "அவதான் வீட்டிலேயே இருக்காளே" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். லீவு முடிகிறது என்பது உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல கெடு. அதை வைத்துத்தான் மற்றவர்களை உட்கார வைத்துப் பேச முடியும்.

நான் எலும்பு முறிவு வார்டில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஆபரேஷனைச் செய்வது சர்ஜன், நடக்க வைப்பது பிசியோதெரபிஸ்ட். வீட்டுக்குப் போன பிறகு அந்த நோயாளியோடு யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்பது என் வேலை. நான் பார்த்தவரை இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான குடும்பங்கள் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்கின்றன. அது அநேகமாக ஒரு பெண்ணின் பெயராகவே இருக்கிறது. சொல்கிறவர் அந்தப் பெண்ணாக இருப்பதில்லை.

ஆட்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு அவசர விஷயம். நாத்தனார் சொன்னதில் ஒன்று குறை இல்லை, எச்சரிக்கை. முதுகு சிவந்திருக்கிறது என்றாரே, அதை இன்றைக்கே பாருங்கள். முதுகின் அடிப்பகுதி, பிட்டம், இரண்டு குதிகால் எல்லாவற்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். மாநிறத்துக்கும் கருத்த தோலுக்கும் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிலையை மாற்ற வேண்டும். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை இருக்கட்டும். காற்று மெத்தை வாங்கினால் நல்லது. ஆனால் அதை வாங்கிப் போட்டதும் திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அது கூடாது. தோல் உரிந்திருந்தால் ரெவ்யூ தேதிவரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்குப் புண் லேசில் ஆறாது.

அடுத்து, அந்த இரண்டாம் நாள் ராத்திரி. அதற்கு டெலிரியம் என்று பெயர். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு வெகு சாதாரணமாக வருவது. வலி, மயக்க மருந்து, தூக்கமின்மை, உடம்பில் நீர் வற்றுவது, புது இடம், இரவு பகல் தெரியாத வார்டு எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்பிவிடும். திடீரென்று வரும், ஏறி இறங்கும், ராத்திரியில் அதிகமாகும். மெல்ல மெல்ல வருஷக்கணக்கில் வரும் மறதி நோய் வேறு, இது வேறு. சிலருக்கு முழுசாகத் தெளிய வாரக்கணக்கில் ஆகும். உங்கள் அத்தை நாலைந்து நாளில் தெளிந்துவிட்டார், நல்லது. மூளை கலங்கிவிட்டது என்று அவர் காதுபட யார் பேசினாலும் அங்கேயே நிறுத்துங்கள். அன்றைக்கு நடந்ததில் பாதி அவருக்கு நினைவிருக்கக்கூடும், அதை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டும் இருக்கக்கூடும். "அது மருந்தும் வலியும் செஞ்ச வேலை அத்தை, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று நீங்களே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். மறுபடி புதிதாகக் குழம்பிப் பேசினால் மட்டும் அலட்சியம் வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் உப்பு குறைவது, சர்க்கரை ஏறுவது இறங்குவது என்று காரணம் உடம்பில்தான் இருக்கும். அன்றே டாக்டரிடம் போங்கள். அப்புறம், மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் இருந்தால் பகலெல்லாம் போட்டிருக்கட்டும். கண்ணும் காதும் மங்கினால் குழப்பம் கூடும். கட்டில் ஜன்னலோரம் இருப்பது நல்லது.

நடக்க மாட்டேன் என்பது பிடிவாதம் இல்லை, பயம். ஒரு தடவை விழுந்து இடுப்பு உடைந்தவருக்குத் தரையே எதிரி. ஆனால் படுத்திருக்கிற ஒவ்வொரு நாளும் தொடைத் தசை கரைகிறது, தசை கரையக் கரைய விழும் ஆபத்து கூடுகிறது. இதை விளக்கிச் சொல்வதால் மட்டும் பயம் போகாது. தூரத்தைக் குறையுங்கள். "நடக்கணும்" என்று சொல்லாமல் "ஜன்னல்கிட்ட நாற்காலி போட்டிருக்கேன், அங்க உக்காந்து காபி குடிக்கலாம்" என்று சொல்லுங்கள். நாலு எட்டு போதும். அடுத்த வாரம் வாசல்வரை. நடைக்கு ஒரு காரணம் இருந்தால் வயதானவர்கள் நடப்பார்கள். பயிற்சிக்காக நடக்கச் சொன்னால் நீங்களும் நானும்கூட நடப்பதில்லை. எவ்வளவு எடை ஊன்றலாம், எப்படிக் குனியலாம் என்பதில் உங்கள் சர்ஜன் சொன்னதுதான் முடிவு. பொதுவாகத் தரையில் உட்காருவது, சம்மணம் போடுவது, கால்மேல் கால் போடுவது, தாழ்வான நாற்காலி, இந்தியன் டாய்லெட் எல்லாம் வேண்டாம் என்பார்கள். கமோடு சேர் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் உங்கள் ராத்திரி வேலையும் பாதியாகும். வாக்கர், கமோடு சேர், வீல்சேர் இவற்றைப் பல ஊர்களில் ரோட்டரி, அரிமா சங்கத்துக்காரர்கள் இரவலாகக் கொடுக்கிறார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் ஊரிலும் விசாரித்துப் பாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பத்தியம் சொல்லும் உறவினர்கள்தான் பெரிய தொல்லை. முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், பருப்பு வாய்வு, தயிர் குளிர்ச்சி என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கழித்துவிட்டுக் கடைசியில் தட்டில் கஞ்சி மட்டும் மிஞ்சும். கஞ்சியில் புரதம் வெகு குறைவு. புண் ஆறவும் தசை வளரவும் புரதம்தான் வேண்டும். உடல் எடை 50 கிலோ என்றால் நாளுக்கு 50 முதல் 60 கிராம்வரை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. அதனால் முட்டை, பருப்பு, தயிர், சுண்டல், மீன் என்று நாள் முழுக்கப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. ஹார்லிக்ஸ் பாட்டில்களோடு வருகிறவர்களிடம் அடுத்த தடவை நாட்டுக்கோழி முட்டை வாங்கி வரச் சொன்னால் தப்பில்லை.

இப்போது ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரி, வீட்டுக்கு ஆள் வராத நாள் இல்லை என்பது. ஆளே இல்லாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில், பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. உங்களுக்கு ஆள் பஞ்சம் இல்லை. வருகிறவர்கள் விருந்தாளியாக வந்து விருந்தாளியாகப் போகிறார்கள், அதுதான் சிக்கல். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, விழுந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லி, அவர்களின் பெரியம்மா இப்படித்தான் விழுந்து மூணே மாசத்தில் போன கதையைக் கேட்டு... இது உங்களுக்கு வேலை, அத்தைக்கு விஷம்.

போகும்போது எல்லோரும் "ஏதாவது வேணும்னா சொல்லும்மா" என்பார்கள். அது பொய் இல்லை. பெரும்பாலானவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது, என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில் "இருக்கட்டும்க்கா, பாத்துக்கறேன்" என்று சொல்லி வழியனுப்பி விடுகிறீர்கள். இனிமேல் அப்படி விடாதீர்கள். ஒரு வேலை, ஒரு நேரம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் அத்தைகூட இருக்கீங்களா? நான் கொஞ்சம் தூங்கணும்." "ரத்த டெஸ்ட் ரிசல்ட் நாளைக்கு வரும், தம்பிகிட்ட சொல்லி வாங்கிட்டு வரச் சொல்றீங்களா?" "செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு எங்க வீட்டுக்கும் சேர்த்து நாலு சப்பாத்தி போடறீங்களா?" இப்படிக் கேட்டால் பாதிப் பேர் செய்வார்கள். செய்யாதவர்கள் வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். இரண்டும் உங்களுக்கு லாபம்.

கேட்க வெட்கமாக இருக்கும், தெரியும். நம் வீடுகளில் உதவி கேட்பது மருமகளின் கெட்டிக்காரத்தனத்துக்கு இழுக்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஒருத்தியே எல்லாம் செய்து முடித்தால் கைதட்டுகிற அதே ஊர், அவளே படுத்துவிட்டால் "யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே" என்றும் சொல்லும்.

பார்வையாளர்களுக்கு நேரம் வையுங்கள். சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை. ஆஸ்பத்திரியில் விசிட்டிங் டைம் இருந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லையே. "டாக்டர் மத்த நேரத்துல படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிடுங்கள், வேண்டுமானால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சாயங்காலத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் அத்தைக்கு மனசு உடைகிற நேரம் அதுதான். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு குரல் வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி; நமக்கு ஐந்தரை என்றால் கொழுந்தனாருக்கு இரவு எட்டு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார். தினமும் அந்த நேரத்துக்கு வீடியோ கால் என்று அவரிடம் சொல்லுங்கள், பத்து நிமிஷம் போதும். பேத்தி பேரன் இருந்தால் அவர்களும் வரட்டும். தோன்றும்போது கூப்பிடுவதைவிடக் குறித்த நேரத்துக்குக் கூப்பிடுவதற்குப் பலன் அதிகம், ஏனென்றால் அத்தைக்கு அந்த நேரத்துக்காகக் காத்திருக்க ஒன்று கிடைக்கிறது.

கொழுந்தனாரைப் பற்றி இன்னொன்று. பணம் அனுப்புகிறவர் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பொதுவாக "செலவுக்கு" என்று வரும் பணம் பொதுவாகவே கரைந்துவிடும். அதை ஒரு ஆளாக மாற்றுங்கள். நீங்கள் பள்ளிக்குப் போகும் நேரத்துக்கு, காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்துவரை ஒரு அட்டெண்டர் அம்மா. அந்தச் சம்பளம் கொழுந்தனார் பொறுப்பு என்று நேராகப் பேசி முடிவு செய்யுங்கள். ஏஜென்சி மூலமாகவும் எடுக்கலாம், தெருவில் தெரிந்த, நம்பிக்கையான ஒருவராகவும் இருக்கலாம். எப்படியானாலும் ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள், சந்தேகத்துக்கே இடம் வேண்டாம். என்னென்ன வேலை என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். அத்தையைப் பார்க்க வந்தவரைப் பாத்திரம் தேய்க்க வைத்தால் பத்து நாளில் நின்றுவிடுவார். வாரம் ஒரு நாள் லீவு, மதியம் வயிறாரச் சாப்பாடு. எப்படித் தூக்கி உட்கார வைப்பது, எப்படி வாக்கரைப் பிடிக்க வைப்பது என்று பிசியோதெரபிஸ்ட் உங்களுக்குக் காட்டும்போது அவரும் கூட இருக்கட்டும். லீவு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அவரை வரச் சொல்லிவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அத்தைக்குப் பழக்கமாகட்டும்.

நாத்தனார். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். தூரத்தில் இருக்கும் மகள் குறை சொல்வது பல வீடுகளில் நான் பார்ப்பது. அதில் பாதி குற்ற உணர்ச்சி. அம்மாவைத் தான் பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்பது உங்கள் மேல் கோபமாக வருகிறது. அவரோடு வாதாடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ்தானே. சனிக்கிழமை சாயங்காலம் வந்து, ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்து, ஞாயிறு குளிக்க வைத்து, தலை பின்னி, சாயங்காலம் கிளம்பட்டும். மாதம் இரண்டு ஞாயிறு என்றால்கூடப் போதும். நீங்கள் அன்றைக்கு வீட்டில் இருக்காதீர்கள். அம்மா வீட்டுக்குப் போங்கள், தோழி வீட்டுக்குப் போங்கள், எங்கேயும் போக மனசில்லை என்றால் மாடியில் போய்த் தூங்குங்கள். கூடவே இருந்தால் சோப்பு எங்கே, டயப்பர் எங்கே என்று கடைசியில் நீங்கள்தான் செய்வீர்கள். ஒரு ராத்திரி நாலு தடவை எழுந்து பார்த்தவர் அடுத்த தடவை குறை சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். முதுகு சிவந்ததைக் கவனித்துச் சொன்னதற்கு ஒரு நன்றியும் சொல்லிவிடுங்கள். அது பேச்சை ஆரம்பிக்க நல்ல வழி.

உங்கள் கணவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், கடைக்குப் போகிறார் வருகிறார் என்று. அவருடைய அம்மாதானே. குளிக்க வைப்பது, துணி மாற்றுவது இவற்றில் மகன் என்றால் அத்தைக்கே கூச்சமாக இருக்கும், அதை விடுங்கள். ஆனால் காலை ஏழிலிருந்து எட்டுவரை நடக்க வைப்பது, மாத்திரை டப்பாவை வாரம் ஒரு தடவை நிரப்புவது, சர்க்கரை பார்த்து எழுதி வைப்பது, ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாம் அவரால் முடியும். ராத்திரி முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். மகன் கையைப் பிடித்து நடக்கும்போது "விட்டுடு, விழுந்துடுவேன்" என்பது பாதி குறையும். இதை நான் வார்டில் பல தடவை கவனித்திருக்கிறேன், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அத்தைக்கும் ஏதாவது ஒரு வேலை வேண்டும். ஐந்து வாரமாக அவர் எல்லாவற்றையும் பிறர் கையால் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறார். விழுவதற்கு முன் அந்த வீட்டில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கீரை ஆய்வாரா, பூ கட்டுவாரா, பேரப் பிள்ளைக்குக் கதை சொல்வாரா? உங்கள் பக்கத்தில் நிலக்கோட்டை இருக்கிறது, மல்லிக்குப் பஞ்சமில்லை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் ஒரு மேசை போட்டுக் கால் கிலோ பூவைக் கட்டச் சொல்லிப் பாருங்கள். கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அவரோடு போய் வந்த தோழிகள் யாராவது இருந்தால் அந்த நாலரை மணிக்கு அவர்களை வரச் சொல்லுங்கள். உறவுக்காரர்கள் வந்தால் நோயைப் பற்றித்தான் பேசுவார்கள். தோழிகள் ஊர்க்கதை பேசுவார்கள், அதுதான் அவருக்கு வேண்டியது.

ஆனால் "போய்ச் சேர்ந்தா தேவல" என்பதைப் பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சாதாரணமாகச் சொல்வது உண்டுதான். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அழுகை, எதிலும் ஆசையில்லை, சாப்பாடு இல்லை, தூக்கமில்லை என்றால் அது மனச்சோர்வு நோய், மருந்துக்குக் கட்டுப்படும் நோய். அது இருந்தால் நடையும் தேறாது. சர்ஜன் கேட்க மாட்டார், அவர் கண் எக்ஸ்ரேயில் இருக்கும். நீங்களாகச் சொல்ல வேண்டும். "சாகணும் போல இருக்கா அத்தை?" என்று நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், அவருக்காகவும் சரி, உங்களுக்காகவும் சரி.

அரசாங்கத்தில் என்ன கிடைக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று மட்டும்தான் பொதுவாகப் பேசப்படுகிறது. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வதும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு போய்ப் பதிவு செய்யுங்கள். தினமும் வரமாட்டார்கள், வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார்கள், மீதி நாள் வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டும். முதியோருக்கான உதவி எண் 14567. காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை. அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஏதாவது வருகிறதென்றால் உயிர்வாழ் சான்றிதழுக்கு அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்துப் பதிவு செய்வார். கட்டணம் சிறிதுதான்.

நீங்கள் கத்தியதற்கு வருகிறேன். ஐந்து வாரம் ராத்திரி நாலு தடவை எழுந்தவருக்கு நிதானம் தவறுவது ஆச்சரியமில்லை. அதற்காக அதைத் தள்ளிவிடவும் மாட்டேன். தூக்கமில்லாமல், மாற்று ஆள் இல்லாமல் ஒருவரே பார்த்துக்கொள்கிற வீடுகளில்தான் அதட்டல் மெல்ல மெல்ல முரட்டுக் கையாக மாறுகிறது, நல்ல மனுஷர்கள் இருக்கும் வீடுகளிலும்கூட. கோபம் தலைக்கு ஏறும்போது அத்தையைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து நிமிஷம் தண்ணீர் தாமதமானால் ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் கூப்பிட ஒரு எண்ணை இப்போதே முடிவு செய்து வையுங்கள், பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தாலும் சரி. அத்தையிடம், "அன்னைக்குத் தூக்கமில்லாம கத்திட்டேன் அத்தை, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். அவரும் ஒரு காலத்தில் தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டவராகத்தான் இருப்பார், அநேகமாகப் புரியும்.

உங்கள் முதுகுவலிக்கும் ஒரு டாக்டரைப் பாருங்கள். அவர் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். அவர் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, பாதம் தரையில் ஊன்றி, அவராகவே எழ வேண்டும். நீங்கள் முழங்காலை மடக்கி நின்று இடுப்புப் பக்கம் தாங்கிக் கொடுத்தால் போதும். இடுப்பில் அகலமான துணி பெல்ட் கட்டினால் பிடிக்க வசதி. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் போட்டாயிற்றா? ராத்திரி விளக்கு? கட்டிலுக்குக் கீழே கிடக்கும் மிதியடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காய்ச்சலோ தையல் போட்ட இடத்தில் நீர் வடிவதோ இருந்தால் அன்றே டாக்டர். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, ஆபரேஷன் செய்த கால் குட்டையாகி உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பிக் கடுமையாக வலித்தாலோ உடனே 108. இந்த மூன்று நாலு வரியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், அட்டெண்டர் அம்மாவுக்கும் உதவும்.

ஆறாவது வார ரெவ்யூ அடுத்த வாரம் வரும் என்று நினைக்கிறேன். அதற்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள். கணவர் கடையை அரை நாள் பூட்டட்டும், நாத்தனாரும் முடிந்தால் வரட்டும். டாக்டர் சொல்வதை மூன்று பேரும் ஒரே காதால் கேட்டால் அப்புறம் "அப்படிச் சொன்னாரா, இப்படிச் சொன்னாரா" என்ற பேச்சு இருக்காது. கேள்விகளை முன்னாடியே எழுதிக்கொண்டு போங்கள். எவ்வளவு எடை ஊன்றலாம், எப்போது படி ஏறலாம், எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, முதுகுச் சிவப்பு, சாயங்கால அழுகை. இன்னும் ஒன்று பலர் கேட்க மறப்பது: எலும்பு மெலிவுக்குச் சிகிச்சை. நின்ற இடத்தில் விழுந்து இடுப்பு உடைந்தால் எலும்பு மெலிந்திருக்கிறது என்றுதான் பொருள். அதற்கு மருந்து ஆரம்பிக்காவிட்டால் அடுத்த முறிவுக்கு வாய்ப்பு அதிகம். வைட்டமின் டி பார்க்க வேண்டுமா, எலும்புக்கு ஊசியோ மாத்திரையோ வேண்டுமா என்று கேளுங்கள். கண்ணில் புரை இருக்கிறதா என்றும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

ரெவ்யூ முடிந்து வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் இருக்கிற அந்த நேரத்திலேயே, கொழுந்தனாரையும் போனில் சேர்த்துக்கொண்டு, யாருக்கு எந்த நாள், எந்த வேலை என்று பேசிவிடுங்கள். காலண்டரில் எழுதும் வேலையைக் கணவரிடம் கொடுங்கள்.